கடைமடையில் மக்காச்சோளம்

1

சித்திரை முதல் நாள் தம்பி சங்கரன் ஒரு படம் அனுப்பியிருந்தான். வயலில் டிராக்டர் நிற்கிறது. அதன் முகப்பில் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. பக்கத்தில் அவன், வெறுந்தலையோடு. கீழே ‘பொன்னேர் ஓட்டியாச்சு’ என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

வழக்கமாக இந்த நாளில் அவன் படம் அனுப்ப மாட்டான், அழைப்பான். ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து பிரியும் கால்வாயின் கடைமடையில், எங்கள் இருவருக்கும் பாகம் பிரிக்காத வயல் ஒன்று இருக்கிறது. வருடத்தின் முதல் உழவை வீட்டுக்கு மூத்தவர் ‘ஓட்டு’ என்று சொன்ன பிறகுதான் ஓட்டுவது எங்கள் வீட்டுப் பழக்கம். அப்பா இருந்தவரை அவர் சொன்னார். பிறகு நான். அமெரிக்காவுக்கு வந்த பிறகும் அது விட்டுப் போகவில்லை. அங்கே விடிந்து வெயில் ஏறும்போது இங்கே அயோவாவில் முந்தின நாள் இரவுச் சாப்பாட்டு நேரம். நான் வாயில் சோற்றை வைத்துக்கொண்டே ‘ஓட்டுலே’ என்பேன். அந்த வருடம் என்ன பயிர் என்பதையும் அவன் அப்போதே என்னிடம் கேட்டுக்கொள்வான். மண்வெட்டி பிடித்து வருடக்கணக்காகிவிட்ட என்னிடம் கேட்டு அவனுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனாலும் கேட்பான். ஊரில் எனக்கென்று மிச்சமிருந்த வேலை அது ஒன்றுதான்.

படத்தில் அவனுடைய வெறுந்தலையைத்தான் நான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன சித்திரையில் அந்தத் தலையில் ஒரு தொப்பி இருந்தது.

2

தொப்பி நான் கொடுத்தது. எனக்கு எங்கள் ஆலை கொடுத்தது. பத்து வருட உழைப்புக்குப் பரிசாகப் பச்சை நிறத்தில் ஒரு தொப்பி, முன்பக்கம் மஞ்சள் நூலால் ஒரு மக்காச்சோளக் கதிர். மேலாளர் கைகுலுக்கினார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு அந்தத் தொப்பி பொருந்தவில்லை. ஊருக்குப் போன நண்பரிடம் கொடுத்தனுப்பினேன். தம்பிக்குக் கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

நான் வேலை பார்ப்பது எத்தனால் ஆலை. சோளத்தை மாவாக அரைத்து, வேகவைத்து, மாவைச் சர்க்கரையாக்கி, ஈஸ்ட் போட்டுப் புளிக்கவிட்டு, காய்ச்சி வடித்தால் எத்தனால். சுருக்கமாகச் சொன்னால் சாராயம். ஊரில் என் மாமனார் வெகுநாள் வரை ‘மருமகன் கெமிக்கல் கம்பெனியில் இருக்கார்’ என்றே சொல்லி வந்தார். யாரும் குடித்துவிடக் கூடாது என்பதற்காகச் சட்டப்படி அதில் கொஞ்சம் பெட்ரோலைக் கலந்த பிறகே வெளியே அனுப்ப வேண்டும். புளிக்க வைக்கும் தொட்டிகளின் சாம்பிளைச் சோதிப்பது என் வேலை. இரண்டு நாள் வெளியே வைத்துவிட்ட இட்லி மாவின் வாடை ஊர் முழுக்க அடிக்கும். வந்த புதிதில் அந்த வாடைக்கே எனக்குப் பசித்தது. இப்போது மூக்குக்கு உறைப்பதே இல்லை.

என் விசா இந்த ஆலையோடு ஒட்டியது. வேலை போனால் இரண்டே மாதத்துக்குள் இன்னொரு வேலை பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டும். இங்கே நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் பச்சை அட்டைக்கான வரிசையில் நிற்கிறோம். எங்கள் மகள் காந்திமதி பாளையங்கோட்டையில் பிறந்து மூன்று வயதில் இங்கே வந்தவள். நெல்லையப்பர் கோயில் அம்மனின் பெயர் இங்குள்ள பள்ளியில் ‘மேடி’ ஆகிவிட்டது. அவளுக்கு இப்போது பதினேழு. இருபத்தொன்று ஆவதற்குள் எங்கள் முறை வராவிட்டால், அவள் எங்கள் மனுவிலிருந்து கழன்று, தனியாக ஒரு விசா தேடிக்கொள்ள வேண்டும். தேடியும் கிடைக்காவிட்டால், பேச்சு நாலு வார்த்தைக்கு மேல் வராத ஒரு ஊருக்கு அவள் ‘திரும்பிப்’ போக வேண்டும்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், எத்தனால் விலை என்ன என்று காலையில் எழுந்ததும் பார்க்கிற ஆள் நான். விலை இறங்கினால் விசாத் தேதியை ஒருமுறை எடுத்துப் பார்ப்பேன்.

3

போன சித்திரையில் தம்பி அழைத்தபோது தொப்பி போட்டிருந்தான். கேலி செய்ய வாயெடுத்தேன். அதற்குள் அவன் ஆரம்பித்துவிட்டான்.

“அண்ணே, இந்தத் தடவ வாழை வேண்டாம்னு பாக்கேன். மக்காச்சோளம் போடலாம்னு இருக்கு. கம்பெனிக்காரங்க ஊருக்குள்ள வந்து கூட்டம் போட்டாவ. பெட்ரோல்ல கலக்குததுக்கு வாங்கிக்கிடுவாவளாம்.”

“ஏலே, நம்மது ஆத்துப்பாசன வயலு. சோளம் போடுத மண்ணா அது?”

“ஆனி, ஆடிக் கார் பருவத்துக்குக் கடைமடைக்குத் தண்ணி வந்து எத்தன வருசமாச்சு? வாழை வச்சா காத்துல சாயுது. போன வருசம் ஒரு தாரு தேறல, நீதான் வீடியோவுல பாத்தியே. சோளத்துக்குத் தண்ணி கொஞ்சம் போதும், ஆளும் வேண்டாம்.”

கூட்டத்தில் நடந்ததையும் சொன்னான். கம்பெனி ஆள் அவன் தலையிலிருந்த தொப்பியைக் காட்டி, ‘அண்ணாச்சி வீட்டுல அமெரிக்காவுலயே இதுலதான் இருக்காவ, கேட்டுப் பாருங்க’ என்றாராம். எனக்குச் சுருக்கென்றது.

அன்றைக்கு நான் தம்பிக்கு நடத்திய பாடத்தை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. சொன்னதெல்லாம் உண்மைதான். அமெரிக்காவில் விளையும் மக்காச்சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எத்தனாலுக்குப் போகிறது. மக்கள் ஆசைப்பட்டு வாங்குவதால் அல்ல, பெட்ரோலில் இவ்வளவு கலந்தே ஆக வேண்டும் என்று எண்ணெய்க் கம்பெனிகளுக்குச் சட்டம் இருப்பதால். அதே அளவு பெட்ரோல் தருவதில் மூன்றில் இரண்டு பங்கு சக்தியைத்தான் எத்தனால் தரும். சட்டத்தை எடுத்துவிட்டால் இந்த வியாபாரத்தில் எவ்வளவு நிற்கும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. நம் நாட்டிலும் அதே கதைதான். எத்தனை சதவீதம் கலப்பது, எந்தத் தானியத்து எத்தனாலுக்கு என்ன விலை, எல்லாம் டெல்லியில் முடிவாகிறது. கோழித்தீவனத்துக்குப் போன சோளம் வண்டிக்குப் போகிறது. தீவனம் விலை ஏறிவிட்டது என்று பண்ணைக்காரர்கள் கத்துகிறார்கள். சோளத்தை ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு இறக்குமதி செய்யத் தொடங்கிவிட்டது. ஆற்று மணல் மாதிரி, இன்றைக்கு இங்கே மேடு, நாளைக்கு அங்கே.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

“அண்ணே, வண்டி மைலேஜ் கொறஞ்சு போச்சுன்னு நானும் பாக்கத்தான் செய்யுதேன். அது கெடக்கட்டும். வெளிநாட்டுக்காரன்ட்ட எண்ணெய் வாங்கிக் கொட்டுத ரூவாய நம்ம வெவசாயிக்குக் குடுத்தா என்னன்னு கேக்கான் கவர்மெண்டுக்காரன். அது தப்பா?”

“தப்புன்னு சொல்லல. ஆனா...”

“ஒனக்குச் சோறு போடுதது அதுதான? எனக்கு மட்டும் ஆவாதோ?”

சாப்பாட்டு மேசையில் என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். தம்பியின் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான்.  இந்த வேலையில் இருந்துகொண்டு இது ஆகாது என்று சொல்ல எந்த முகம் இருக்கிறது?

“சரி, ஓட்டு” என்றேன்.

4

எங்கள் வீட்டுக்குப் பின்னால் வேலிக்கு அந்தப் பக்கம் டேல் என்பவரின் வயல். எழுபதை நெருங்கும் வெள்ளைக்காரர். அறுவடைக் காலத்தில் எங்கள் ஆலைக்குச் சோளம் கொண்டு வருவார். என் மகளுக்கு டிராக்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். சித்தப்பாவின் வயல் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் விழிப்பாள், டேலின் வயலில் எந்த மூலையில் என்ன களை முளைக்கும் என்று சொல்லிவிடுவாள்.

அந்த வருடம் பள்ளியில் அவளுக்கு ஒரு விவாதப் போட்டி. தலைப்பு, எத்தனாலுக்கு அரசாங்கம் முட்டுக்கொடுக்க வேண்டுமா. வேண்டாம் என்ற கட்சியில் அவள். புதிதாக லைசென்ஸ் வாங்கியிருந்தாள். காருக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டே பம்பில் ஒட்டியிருந்த எத்தனால் அறிவிப்பைக் காட்டி ஆங்கிலத்தில் கேட்டாள்.

“அப்பா, நீங்க எல்லாரும் சாப்பாட்டை எரிக்கிறீங்கன்னு பேசப்போறேன். உங்களுக்கு வருத்தமா?”

“நீ சாப்பிடுறதும் இந்த எரிக்கிற காசுலதான்” என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, தம்பி என்னிடம் சொன்னதையே நான் அவளுக்குத் திருப்பிச் சொல்கிறேன் என்று.

டேலிடம் போய்க் கேட்டாள். இது மனிதர் தின்கிற சோளமே இல்லை, மாட்டுக்கும் பன்றிக்கும் உள்ளது, வடித்த பிறகு மிஞ்சும் சக்கையும் மாட்டுக்குத்தானே திரும்பி வருகிறது என்றார் அவர். எத்தனால் வந்த பிறகுதான் சோளத்துக்கு ஒரு மரியாதை வந்தது என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, அதனாலேயே நிலத்தின் விலையும் குத்தகையும் ஏறி, இன்றைக்கு ஒரு இளம் பையன் புதிதாக விவசாயத்துக்கு வரவே முடியாது என்பதையும் அவரே சொன்னார். “நான் வானத்தைப் பார்ப்பதைவிட வாஷிங்டனைத்தான் அதிகம் பார்க்கிறேன்” என்றார். கோடையில் சில ஊர்களில் குழாய்த் தண்ணீரில் நைட்ரேட் ஏறிவிட்டது, குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள் என்று எச்சரிக்கை வரும். அது எல்லாம் எங்கள் சோள வயல்களுக்குப் போடும் உரம்தான் என்றார். மனிதர் எதையும் மறைக்கவில்லை.

அன்று அவர் சொன்ன இன்னொரு விஷயத்தைத்தான் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இந்தப் பகுதி ஒரு காலத்தில் சதுப்பாகக் கிடந்ததாம். அவருடைய தாத்தா காலத்திலேயே வயல் முழுக்க மண்ணுக்கு அடியில் குழாய் பதித்து, தேங்குகிற தண்ணீரை ஓடைக்கு விட்டிருக்கிறார்கள். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சோளம் காலடியில் தண்ணீர் நின்றால் செத்துவிடும்.

தண்ணீரை விரட்டக் குழாய் புதைத்த ஊரிலிருந்து தொப்பி போயிருக்கிறது, தண்ணீரை நிறுத்த வரப்பு கட்டிய ஊருக்கு.

5

வைகாசியில் தம்பி விதைத்தான். கம்பெனியின் விதைக்கும் இயந்திரம் வருவதற்காக, வாழைக்கு வெட்டியிருந்த வாய்க்கால்களையெல்லாம் தூர்த்து மட்டமாக்கிவிட்டான். முழங்கால் உயரத்துக்குப் பயிர் வந்ததும் வீடியோ அனுப்பினான். வரிசை பிசகாமல், டேலின் வயலை அப்படியே பெயர்த்து வைத்தது போல இருந்தது. எனக்கு உள்ளுக்குள் பெருமை. ஆலையில் இரண்டு பேரிடம் காட்டினேன்.

ஆடியில் ஒரு நாள் அழைப்பு.

“அண்ணே, தண்ணி வந்துட்டு.”

மேற்குமலையில் நல்ல மழை, பாபநாசம் அணை ஏறிவிட்டது, கால்வாயில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு கார் பருவத்தில் கடைமடைக்குத் தண்ணீர். சந்தோஷமாகச் சொல்ல வேண்டிய செய்தியை அவன் சாவுச்செய்தி போலச் சொன்னான்.

விஷயம் இதுதான். எங்கள் வயலுக்குக் கீழே பேச்சி மைனியின் வயல். புருஷன் போன பிறகு தனியாகவே பயிர் செய்கிறவர். சொந்தம் இல்லை, மதினி முறை வைத்து மைனி என்று கூப்பிட்டே பழகிவிட்டோம். அவர் வயலுக்குத் தனி வாய்க்கால் கிடையாது. எங்கள் வயலில் பாய்ந்து நிறைந்து, வரப்பில் உள்ள திறப்பு வழியாக இறங்கும் தண்ணீர்தான் அவருக்குப் பாசனம். நெல்லோடு நெல்லாக இருந்தவரை அது ஒரு பிரச்சினையே இல்லை. வாழை வைத்த காலத்தில் இடைவாய்க்கால் வழியாகப் போனது. இப்போது அந்த வாய்க்கால் இல்லை.

“மைனி கெணத்துத் தண்ணிய எறச்சு நாத்து நட்டா. கெணறு வத்திட்டு. பயிரு வாடிக் கெடக்கு. இப்பம் கால்வாயிலேருந்து நம்ம வயலுக்குத் தண்ணி வார மடையத் தொறந்தா அவ நெல்லு பொழைக்கும், நம்ம சோளம் அழுவிரும். அடச்சா நம்மது நிக்கும்.”

“ஓரமா ஒரு வாய்க்கா வெட்டு.”

“வெட்டிப் பாத்தேன். களிமண்ணு. பக்கவாட்டுல ஊறி வயலு முச்சூடும் சொதசொதன்னு ஆவுது. ரெண்டுல ஒண்ணுதான். நீ சொல்லு.”

நான் ஆலையின் சோதனைக்கூடத்தில் வெள்ளைக் கோட்டோடு நின்றுகொண்டிருந்தேன். தொட்டியின் சாம்பிள் மேசையில் காத்திருந்தது.

“அடச்சிருலே” என்றேன். “கம்பெனிக்கு எழுதிக் குடுத்திருக்க. நம்ம பயிர மொதல்ல பாரு. மைனிக்கு ஆவுத நட்டத்த நாம நெல்லாக் குடுத்துருவோம்.”

 

“நீ இங்கன இருந்தா இதச் சொல்லுவியா?” என்று பைய கேட்டான். பதிலுக்குக் காத்திருக்காமல் வைத்துவிட்டான்.

அப்போது எனக்கு அவன் மேல் எரிச்சல்தான் வந்தது. நான் சொன்னது நியாயமான கணக்கு. ஒருவருக்கு நட்டம், அதற்கு ஈடு, முடிந்தது. ஆலையும் அரசாங்கமும் தினமும் பேசுகிற பேச்சு. தம்பி மாதிரி ஆட்கள் ஏன் எதையும் நெஞ்சில் போட்டு உழப்புகிறார்கள் என்று மனைவியிடம் புலம்பினேன். அவள் டவுணில் வளர்ந்தவள், வயல் வரப்பு தெரியாது. ஆனாலும் கேட்டாள்: “அவங்க நட்டது காயுறதப் பாத்துக்கிட்டு உங்க தம்பி தினம் அந்த வரப்புல எப்படி நடப்பாரு?”

மறுநாள் தம்பியே அழைத்தான்.

“நீ சொன்னபடி செய்யத்தான் மம்பட்டிய எடுத்துக்கிட்டுப் போனேன். மடைவாயில நின்னேன். தண்ணி வந்து கால்ல முட்டுச்சு. மைனி அந்தாக்கல நின்னுக்கிட்டிருந்தா. ஒரு வார்த்த கேக்கல அண்ணே. கேட்டிருந்தாக்கூட அடச்சிருப்பேன். தொறந்துட்டேன்.”

6

சோளம் பத்து நாளில் மஞ்சளித்தது. பிறகு தண்டு கறுத்தது. ஓரத்து மேட்டில் நின்ற கொஞ்சம் மட்டும் கதிர் வைத்தது. அதை அவிக்கலாம் என்று பார்த்தால் பல்லுக்கு ஆகாத சாதி, மாட்டுக்குத்தான் போட்டார்கள். தொப்பியைக் காட்டிப் பேசிய கம்பெனி ஆள் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

அதற்குப் பிறகு நான் படித்த செய்தியைத் தம்பியிடம் இன்றுவரை சொல்லவில்லை. அரசுக் கிடங்குகளில் அரிசி மலைபோலத் தேங்கிவிட்டது, அதை எத்தனால் ஆலைகளுக்கு மலிவாகக் கொடுக்கிறார்கள், ஆலைகள் சோளத்தை விட்டு அரிசிக்குத் தாவுகின்றன, சோளம் விலை விழுகிறது. அதாவது தம்பியின் சோளம் அழுகாமல் நின்றிருந்தாலும் நல்ல விலைக்குப் போயிருக்கும் என்று சொல்வதற்கில்லை. அதை விடுங்கள். பேச்சி மைனியின் வயல் நன்றாக விளைந்தது. நெல்லை அரசு கொள்முதல் நிலையத்தில்தான் போட்டார். அது எந்தக் கிடங்குக்குப் போயிற்றோ? கிடங்கிலிருந்து எந்த ஆலைக்கோ? என் தம்பி தன் பயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய நெல், யாரோ ஒருவருடைய வண்டியின் டேங்கில் போய்ச் சேராது என்று என்னால் சொல்ல முடியவில்லை. இதை நினைத்தால் ஆத்திரம் வருகிறது. யார் மேல் என்று தெரியாததால் கூடுதலாக வருகிறது.

மகள் விவாதத்தில் தோற்றுவிட்டாள். நடுவர்களில் பாதிப்பேர் சோள விவசாயிகள் வீட்டு ஆட்கள், வேறென்ன நடக்கும்? எங்கள் ஆலையில் இந்த வருடம் தொப்பி கொடுக்கவில்லை. கலப்பு விதியை மாற்றப்போகிறார்கள், கூட்டப்போகிறார்கள், குறைக்கப்போகிறார்கள் என்று வாரம் ஒரு வதந்தி. பச்சை அட்டை வரிசை நகரவில்லை.

இந்தச் சித்திரைக்கு அந்தப் படம் வந்ததும் நானே அழைத்தேன். மகளும் மனைவியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“என்னலே, கூப்பிடாம ஓட்டிட்ட?”

“நீ வேலைல இருப்பேன்னு நெனச்சேன் அண்ணே.” பொய். இந்த நேரத்தில் நான் எங்கே இருப்பேன் என்று அவனுக்குத் தெரியும்.

“தொப்பி எங்க?”

“சோளம் போன பொறவு பிசானப் பருவத்துக்கு நெல்லு போட்டப்பம் குருவி வெரட்ட வயல்ல பொம்மை வச்சோம்லா, அதுக்குப் போட்டு விட்டேன். இன்னும் அங்கனதான் நிக்குது.” சிரித்தான். நானும் சிரித்தேன்.

“என்ன போடப்போற?”

“நெல்லுதான். மைனிட்ட கேட்டேன், அவளும் அதுதான் போடுதா. சரின்னு ரெண்டு பேரும் பேசிக்கிட்டோம். தண்ணி எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான.”

அவன் குரலில் குத்தல் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். ஒன்றுமில்லை. வீட்டில் எல்லோரும் சௌக்கியமா, மேடி எப்படி இருக்கா என்று விசாரித்தான். அவனும் அவளை மேடி என்றுதான் சொன்னான். டிராக்டர்காரர் அவசரப்படுத்துகிறார் என்று வைத்துவிட்டான்.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தட்டைப் பார்த்தேன். சோறு ஆறிப்போயிருந்தது.

“யாருப்பா?” என்றாள் காந்திமதி.

“சித்தப்பா.”

“என்ன கேட்டாங்க?”

“ஒண்ணும் கேக்கலம்மா” என்றேன்.